ஸ்பீட் டெஸ்டில் 900, அம்மாவின் முகமோ உறைந்து நிற்கிறது: பிங் போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதி அனுப்பிய தம்பி சிங்கப்பூரின் பொங்கோலில் புது பிடிஓ வீட்டுக்கு (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, கட்டிக் கொடுக்கும் அடுக்குமாடி வீடு) குடிபோய் நான்கு மாதம் ஆகிறது. ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் பக்கத்தில் நின்று கைப்பேசியில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் 900 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 900 மெகாபிட்) காட்டுகிறது. யூடியூப், சினிமா எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அறையில் உட்கார்ந்து பட்டுக்கோட்டையில் இருக்கும் அம்மாவோடு வாட்ஸ்அப்பில் பேசினால் படம் உறைகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது. ஆபீஸ் மீட்டிங்கிலும் அதே கதை. இணைப்பு கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். யாரோ "பிங் போட்டுப் பார்" என்றார்களாம். எங்கே போடுவது, வரும் எண்களை எப்படிப் படிப்பது என்பது கேள்வி.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ரவுட்டர் பக்கத்தில் நின்று ஒன்றை அளந்தீர்கள், அறையில் உட்கார்ந்து வேறொன்றைக் குறை சொல்கிறீர்கள். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 900-ஐ மறந்துவிடுங்கள்.

ஸ்பீட் டெஸ்ட் என்பது குழாயில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை வாளி நிரம்பும் என்ற கணக்கு. தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் வாளி நிரம்பிவிடும். யூடியூப் அப்படித்தான்: அடுத்த அரை நிமிடத்துக்கான படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது, நடுவில் இரண்டு செகண்ட் தடங்கினால் உங்களுக்குத் தெரியாது. வீடியோ காலில் சேர்த்து வைக்க ஏதும் இல்லை. அம்மா இன்னும் பேசாத வார்த்தையை எப்படி முன்கூட்டி வாங்குவது? துண்டு துண்டாக வரும் தரவுப் பொட்டலங்களில் ஒன்று தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கவும் நேரம் கிடையாது, அந்த இடம் ஓட்டைதான். வீடியோ காலுக்கு ஓரிரண்டு எம்பிபிஎஸ் போதும். அதற்குத் தேவை வேகம் அல்ல, ஒழுங்கு. பொட்டலம் தொலையக்கூடாது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். இந்த இரண்டையும் பார்க்க பிங்கை விட எளிய கருவி இல்லை.

பிங் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு முகவரியின் வாசலில் நின்று "வீட்ல யாரு?" என்று குரல் கொடுக்கிறது. உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்றால், குரல் போய்ப் பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று எழுதுகிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், தன் இடத்து நெட்வொர்க் கோளாறு ஒன்றைத் துரத்துவதற்காக எழுதிய சின்ன நிரல் இது. நீர்மூழ்கியின் சோனார் எழுப்பும் 'பிங்' ஒலிதான் பெயராயிற்று. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் நான் தினமும் முதலில் தட்டுவது இதைத்தான்.

சரி, கணினியை எடுங்கள். விண்டோஸ் என்றால் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். மேக் என்றால் டெர்மினல். கட்டளைகளை நான் ஒலிப்பில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் ரவுட்டரின் முகவரி முதலில் வேண்டும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் 192.168.1.1 அல்லது 192.168.1.254 மாதிரி ஓர் எண் இருக்கும். அதுதான் ரவுட்டர். அதே இடத்தில் உங்கள் கணினியின் சொந்த முகவரியும் தெரியும். அது 169.254 என்று தொடங்கினால் அதற்கு மேல் போக வேண்டாம்: ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்காமல் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பாடப்புத்தகங்கள் முதலில் 127.0.0.1-க்கு பிங் போடச் சொல்லும். அது கணினி தன்னைத் தானே கூப்பிட்டுப் பார்ப்பது. இத்தனை வருஷத்தில் அது தோற்று நான் பார்த்தது இல்லை. விட்டுவிடுங்கள்.

இப்போது நான் எல்லாருக்கும் சொல்லும் வேலை: இரண்டு ஜன்னல். ஒன்றில் பிங், இடைவெளி, ரவுட்டர் முகவரி. இன்னொன்றில் பிங், இடைவெளி, 1.1.1.1 (வெளியே இணையத்தில் உள்ள ஒரு முகவரி). விண்டோஸ் நான்கே முறை கேட்டுவிட்டு நின்றுவிடும், நான்கு எண்ணை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. அதனால் இரண்டிலும் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் (-) அதையொட்டி டி எழுத்தும் சேருங்கள், நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் அது தேவையில்லை, அவை நிறுத்தும்வரை ஓடும் சாதிகள். நிறுத்த கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துங்கள், அடியில் கணக்கு வரும்: எத்தனை அனுப்பியது, எத்தனை திரும்பியது, குறைந்த நேரம், கூடிய நேரம், சராசரி.

இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஓடவிட்டு, அம்மாவைக் கூப்பிடுங்கள். படம் உறையும்போது எந்த ஜன்னலில் எண் எகிறுகிறது என்று பாருங்கள். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் வீட்டு இணையப் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

ரவுட்டருக்குப் போகும் முதல் ஜன்னலில் கேபிள் என்றால் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாக வரும், வைஃபை என்றால் இரண்டிலிருந்து ஐந்து. எப்போதாவது ஒன்று 20, 30 என்று வந்தால் பதற வேண்டாம், வைஃபையின் குணம் அது. ஆனால் 3, 4, 180, 3, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', 240 என்று ஓடினால், பிரச்சினை உங்கள் நாற்காலிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிறது. வெளியே இருக்கும் ஃபைபரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அப்போது இரண்டாவது ஜன்னலும் கூடவே ஆடும், ஏனென்றால் அதுவும் அதே வைஃபையைத் தாண்டித்தான் போகிறது. இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு "இண்டர்நெட் சரியில்லை" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறு.

முதல் ஜன்னல் அமைதியாக இருந்து, இரண்டாவது மட்டும் ஆடினால் ரவுட்டருக்கு வெளியே ஏதோ நடக்கிறது. 1.1.1.1 என்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018-இல் திறந்த டிஎன்எஸ் சேவை, அதாவது வலைத்தளப் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் சேவை. உலகத்தில் பல இடங்களில் அதே முகவரியில் சர்வர் வைத்திருக்கிறார்கள், சிங்கப்பூரிலும் உண்டு. ஆகவே நம் ஊர் ஃபைபரிலிருந்து கேபிளில் போட்டால் சில மில்லி செகண்டில் பதில் வரும். 8.8.8.8-ஐயும் போட்டுப் பாருங்கள், அது கூகிளுடையது. ஒன்று ஆடி மற்றது ஆடாவிட்டால் குற்றம் பெரும்பாலும் உங்கள் இணைப்பில் இல்லை.

உங்கள் விஷயத்தில் என் பந்தயம் முதல் ஜன்னல் மேல்தான். காரணம், பாம் ஷெல்டர் என்ற குண்டுவீச்சுக் காப்பறை. 1998-க்குப் பிறகு வந்த வீவக வீடுகளில் சட்டப்படி இருக்கும் அந்த அறைக்குக் கெட்டிக் கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. பக்கத்தில் குண்டு வெடித்தாலே தாங்க வேண்டும் என்று கட்டிய சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? ரவுட்டர் அசிங்கமாக இருக்கிறது என்று அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே வைக்காவிட்டாலும், ரவுட்டருக்கும் உங்கள் அறைக்கும் குறுக்கே ஷெல்டர் நின்றால் போதும், சிக்னல் சுற்றிக்கொண்டுதான் வரும். ரவுட்டர் பக்கத்தில் 900, அறையில் உறைந்த படம் என்ற உங்கள் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. அப்புறம் நேரம். இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாரும் வீட்டில். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றுதான். அடுக்குமாடியில் இருபது ரவுட்டர் அந்த மூன்றில் முண்டியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது இன்னும் சோப்ளாங்கி.

சந்தேகம் தீர ஒரே வழி, ஒரு லேன் கேபிளை எடுத்துக் கணினியை நேராக ரவுட்டரில் செருகி அதே இரண்டு ஜன்னலையும் ஓட விடுவது. கேபிளில் சுத்தமாக ஓடினால் குற்றவாளி வைஃபை. முஸ்தபா கடையில் பத்து மீட்டர் கேபிள் வாங்கக் கஞ்சப்பட்டு இரண்டு மாதம் நிறுவனத்தோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு.

கேபிளும் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். உட்லண்ட்ஸில் என் பழைய வீட்டில் மூன்று வாரம் இணைப்புக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். பிங்கில் சாயங்காலம் மட்டும் பொட்டலம் தொலையும், பகலில் சுத்தம். அந்தத் தொழிலிலேயே இருப்பவன் என்ற திமிர் வேறு, "என் வீட்டில் தவறு இருக்காது" என்று. கடைசியில் ஒரு நாள் ரவுட்டருக்கே பிங் போட்டுப் பார்த்தேன். அங்கேயே தொலைந்துகொண்டிருந்தது. சோபாவுக்குப் பின்னால் போன கேபிளின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கிறது. பையன் பள்ளி விட்டு வந்து சோபாவில் குதிக்கும்போதெல்லாம் சோபா சுவரில் இடித்து, பிளக் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. முதல் நாளே பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தால் பத்து நிமிட வேலை.

பதில் வராதபோது திரையில் வரும் வாசகத்தை அலட்சியம் செய்யாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பொருள். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் குரல் கொடுத்தேன், நான்கு செகண்ட் காத்தேன், பதில் இல்லை. ஆள் இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உள்ளே இருந்துகொண்டே பதில் சொல்லாதவர்கள் உண்டு. பல நிறுவனங்களின் சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி வைக்கப்பட்டிருக்கும், ஆனால் வலைப்பக்கம் நன்றாகத் திறக்கும். வீட்டில் மனைவியின் விண்டோஸ் கணினிக்கு பிங் போட்டாலும் ஃபயர்வால் பெரும்பாலும் மறித்துவிடும். 'குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்' என்றால் குரல் கொடுக்கவே இல்லை. பெயரைக் கொடுத்தீர்கள், அதற்குரிய எண் முகவரி கிடைக்கவில்லை, அதாவது டிஎன்எஸ் கோளாறு. 1.1.1.1-க்கு எண்ணாகப் போட்டால் பதில் வந்து, வலைத்தளத்தின் பெயரைப் போட்டால் இது வந்தால், இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது, முகவரிப் புத்தகம் மட்டும் தொலைந்துவிட்டது.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' கொஞ்சம் வஞ்சகம் பிடித்தது. அதே வரியில் யார் பதில் சொன்னார்கள் என்று முகவரி இருக்கும், பாருங்கள். அது உங்கள் கணினியின் சொந்த முகவரியாக இருந்தால், வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே அந்த ஆளைக் காணோம் என்று உங்கள் கணினியே உங்களிடம் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் இதையும் 'பதில் வந்தது' என்று எண்ணிக் கடைசியில் நஷ்டம் 0 சதவீதம் என்று போட்டுவிடும். ஒரு ஜூனியர் இந்த 0-ஐ மட்டும் பார்த்து "எல்லாம் ஓகே அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். சர்வரின் கேபிளே செருகப்படவில்லை.

இப்போது பட்டுக்கோட்டை. அம்மாவின் கைப்பேசிக்கு நேராக பிங் போட முடியாது, தொலைபேசி நிறுவனத்தின் பெரிய வாசலுக்குப் பின்னால் பல பேரோடு ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொண்டு அது இருக்கும். இந்தியாவில் உள்ள ஏதாவது ஒரு தளத்துக்குப் போடலாம், ஆனால் ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டுச் செய்தித்தளம் ஒன்றுக்கு பிங் போட்டு 3 மில்லி செகண்ட் வந்தால், பதில் சொன்னது சென்னை அல்ல. ஒளி கண்ணாடி இழையில் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 6,400. ஒளிக்கே 32 மில்லி செகண்ட் வேண்டும். அதற்கும் குறைவாக எவரும் தர முடியாது, எவ்வளவு பணம் கட்டினாலும். 3 வந்தால் அந்தத் தளத்தின் நகல் ஒன்று சிங்கப்பூரிலேயே இருக்கிறது என்று பொருள். 35லிருந்து 60க்குள் வந்தால் நேர் வழியில் போகிறது. 200-ஐத் தாண்டினால் எங்கோ ஊர் சுற்றிவிட்டுப் போகிறது.

எங்கே சுற்றுகிறது என்று பார்க்கத்தான் ட்ரேஸ்ரூட். விண்டோஸில் கட்டளையின் பெயரைக் கடித்து டி-ஆர்-ஏ-சி-இ-ஆர்-டி என்று மட்டும் வைத்திருக்கிறார்கள். இது வேலை செய்யும் விதம் சிங்கப்பூரின் இஆர்பி சாலைக் கட்டணம் மாதிரி. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் டிடிஎல் என்று ஒரு எண் கொடுத்து அனுப்புவார்கள். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும், சாலைக்கு மேல் நிற்கும் கட்டண வளைவான கேன்ட்ரி கேஷ்கார்டில் கழிப்பதுபோல, அதில் ஒன்றைக் கழிக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் போனால் அந்த ரவுட்டர் பொட்டலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு "இங்கே காசு தீர்ந்துவிட்டது" என்று அனுப்பியவருக்குச் சொல்லும். ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே முதலில் 1 கொடுக்கிறது, முதல் கேன்ட்ரி தன் பெயரைச் சொல்கிறது. அப்புறம் 2, அப்புறம் 3. இப்படியே வழி முழுவதும் பெயர்ப் பட்டியல் வந்துவிடும்.

பட்டியலைப் படிக்கும்போது இரண்டு பேர் செய்யும் தவறை மூன்றாவதாக நீங்கள் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு வரியில் வெறும் நட்சத்திரம் வந்தாலோ, 300 மில்லி செகண்ட் என்று வந்தாலோ "இதோ பிடித்துவிட்டேன்" என்று குதிக்காதீர்கள். பெரிய ரவுட்டர்களுக்குப் பொட்டலத்தைக் கடத்துவதுதான் வேலை, இப்படிப்பட்ட விசாரணைக்குப் பதில் சொல்வது ஓய்வு கிடைத்தால் பார்க்கும் காரியம். அதற்கு அடுத்த வரிகளில் எண் மறுபடி இறங்கிவிட்டால் அந்த 300-க்குப் பொருளே இல்லை. ஒரு வரியில் ஏறிய எண் கடைசி வரை இறங்காமல் இருந்தால்தான் அங்கே விஷயம் இருக்கிறது. ரவுட்டர் பெயர்களில் விமான நிலையக் குறியீடு ஒளிந்திருக்கும்: எஸ்-ஐ-என் என்றால் சிங்கப்பூர், எம்-ஏ-ஏ என்றால் சென்னை, ஹெச்-கே-ஜி என்றால் ஹாங்காங். சென்னைக்குப் போகும் பொட்டலம் ஹாங்காங் போய்த் திரும்பினால் எண் ஏறியது ஏன் என்று புரிந்துவிடும்.

கடலடியில் கேபிள் அறுந்தால் இதுதான் நடக்கும். 2006 டிசம்பர் 26, சுனாமிக்குச் சரியாக இரண்டு வருஷம் கழித்து, தைவான் அருகே நிலநடுக்கத்தில் பல கேபிள்கள் ஒரே இரவில் அறுந்தன. சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கத் தளங்கள் நாள்கணக்கில் ஊர்ந்தன. அன்று பிங் போட்டவர்களுக்கு மட்டும்தான் வீட்டு ரவுட்டரை உடைக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது.

அம்மா பக்கம் தவறா என்று பார்க்க, அங்கே இருக்கும் தங்கையிடமோ மச்சானிடமோ சொல்லி இதே இரண்டு ஜன்னலை அங்கேயும் ஓட விடச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் இரண்டும் சுத்தமாக இருக்கும் நேரத்தில் அங்கே ரவுட்டர் ஜன்னல் ஆடினால், சிங்கப்பூரில் என்ன வாங்கி மாட்டினாலும் பயன் இல்லை.

ஆபீஸ் விபிஎன் (வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் வழி) பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: பிங் வருகிறது, ஆனால் ஒரு சர்வரில் உள்நுழைய முடியவில்லை. பிங்குக்கு போர்ட் என்பதே கிடையாது. கட்டடத்தில் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் சொல்லும், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லாது. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டி-என்-சி, சர்வரின் பெயர், ஒரு கோடும் போர்ட் என்ற சொல்லும், பிறகு 443 (வலைப்பக்கங்களுக்கான கதவு எண்) என்று தட்டினால் அந்தக் கதவையே தட்டிப் பார்த்து ட்ரூ, ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். ஃபால்ஸ் என்றால் ஆபீஸ் ஐடி ஆளிடம் போங்கள், வீட்டு இணையத்தின் தவறு அல்ல.

எல்லாம் பார்த்து, கேபிளிலும் ரவுட்டர் ஜன்னல் சுத்தமாக இருந்து, 1.1.1.1 மட்டும் பொட்டலம் தொலைத்தால், அப்போது நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று தொடங்காதீர்கள். "கேபிளில் இணைத்து 1,000 முறை பிங் போட்டேன், ரவுட்டருக்கு நஷ்டம் பூஜ்யம், வெளியே 3 சதவீதம், இரவு ஒன்பதிலிருந்து பத்துக்குள்" என்று சொல்லுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பாட்டை அவர்கள் தாண்டிவிடுவார்கள். விண்டோஸில் டி எழுத்துக்குப் பதிலாக என் எழுத்தும் 1000-மும் கொடுத்தால் ஆயிரம் முறை ஓடிக் கணக்கோடு நிற்கும், மேக்கில் அதற்கு சி எழுத்து. கட்டளையின் கடைசியில் > குறி போட்டு ஒரு கோப்பின் பெயர் கொடுத்தால் எல்லாம் அதில் பதிவாகிவிடும், காட்டுவதற்கு ஆதாரம்.

இன்று இரவு முதலில் வைஃபையில் ஒரு தடவை, பிறகு கேபிளில் ஒரு தடவை போட்டுப் பார்த்து நான்கு ஜன்னலின் கடைசி வரிகளையும் எனக்கு எழுதுங்கள். எண் எகிறிய நேரத்தில் சமையலறையில் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.